பதினேழாம் நம்பர் சில்லு

பன்னிரண்டு.

திரையில் அந்த எண் வந்து நின்றதும் பிரிசில்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். கண்ணாடி மேல் குற்றமில்லை. பன்னிரண்டு பன்னிரண்டாகவே உட்கார்ந்திருந்தது.

"எவ்ளோம்மா?" வாசலில் நின்றபடி கேட்டார் தங்கராசு. அண்ணாமலை நகரில் அவள் ஆராய்ச்சி செய்கிற பல்கலைக்கழக ஆய்வகத்தின் டெக்னீஷியன். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர்.

"பன்னண்டு அண்ணே."

"போன தடவ பதினொண்ணுதான? ஒண்ணு ஏறியிருக்குதே. அத நெனச்சு சந்தோசப்படுங்க."

பிரிசில்லா சந்தோஷப்படவில்லை. அவள் சுட்ட நாற்பத்தோராவது சில்லு அது.

பேரியம், வெள்ளீயம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த ஒரு பொடி. அதை அழுத்தி ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சில்லாக்கி, மூடி போட்ட சின்னப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து, ஆயிரத்து நானூறு டிகிரி ஃபர்னஸில் சுட்டு எடுக்க வேண்டும். சூடேறி, வெந்து, ஆறி வெளியே வர முழுசாக இரண்டு நாள் ஆகும். பெரோவ்ஸ்கைட் என்கிற படிகக் குடும்பத்துப் பிள்ளை அது. ஒரு சதுர அறையை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மூலையிலும் பேரியம், நட்டநடுவில் வெள்ளீயம், நாலு சுவரிலும் தரையிலும் கூரையிலும் ஆக்சிஜன். இப்படிக் கோடானுகோடி அறைகள். அறைக்கு அறை எலெக்ட்ரான் ஓடுகிறது. எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பதைச் சொல்வதுதான் திரையில் வரும் எண். எண் பெரிதாக வந்தால், நொடிக்குப் பல நூறு கோடித் தடவை திறந்து மூடும் ஸ்விட்ச் செய்யலாம். நாளைய செல்போன் டவருக்கும் ராடாருக்கும் அதுதான் தேவை. பன்னிரண்டு என்று வந்தால், சிதம்பரத்தில் தேரன்று கீழவீதியில் ஸ்கூட்டர் ஓட்டுகிற கதைதான்.

ஆனால் அக்டோபரில் சுட்ட பதினேழாம் நம்பர் சில்லு எண்பத்தொன்பது காட்டியது.

எண்பத்தொன்பது! அன்றைக்கு அவளுடைய பேராசிரியர் செந்தமிழ்செல்வன் துறை முழுக்கக் கேசரி கொடுத்தார். கையோடு கட்டுரை எழுதினார்கள். கட்டுரையைப் படித்த பெங்களூர்ப் பெரிய ஆய்வகம் ஒன்று, அதில் எழுதியிருந்தபடியே மூன்று முறை செய்து பார்த்தது. பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று. அந்த ஆய்வகத்தின் தலைவி சந்திரலேகா இரண்டே வரியில் மின்னஞ்சல் அனுப்பினார். 'உங்கள் எண் எங்களுக்கு வரவில்லை. அடுத்த வியாழக்கிழமை நேரில் வருகிறேன், செய்து காட்டுங்கள்.'

செய்து காட்டினால் பெங்களூரில் வேலை. காட்டாவிட்டால், இல்லாத எண்ணை எழுதியவள் என்கிற பெயர். அந்தப் பெயர் எந்த சோப்புக்கும் போகாது.

இன்றைக்குச் செவ்வாய். இன்னும் ஒன்பது நாள்.

பதினேழுக்குப் பிறகு இருபத்துநாலு சில்லுகள் சுட்டாயிற்று. ஒன்றுகூடத் தேறவில்லை. அன்றைக்குப் போட்ட அதே பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து சுட்டாள். அன்றைக்குச் சாப்பிட்ட அதே கேன்டீன் தக்காளிச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுச் சுட்டாள். விஞ்ஞானம் படித்தவள் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். அவளுடைய பேராசிரியரே, "அன்னைக்கு நான் உன்னைத் திட்டினேனா?" என்று கேட்டார்.

"திட்டினீங்க சார். தராசு மூடாம இருந்ததுக்கு."

"அப்போ இன்னைக்கும் திட்டிடறேன்" என்று ஐந்து நிமிஷம் மனசாரத் திட்டிவிட்டுப் போனார். அந்தச் சில்லு பத்துதான் காட்டியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், குறிப்பு நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். பதினேழாம் சில்லின் பக்கத்தில் தேதி, எடை, சூடு எல்லாம் எழுதியிருந்தது. அதற்கு முந்தைய பக்கத்துக்கும் அதற்கும் நடுவில் நாலு நாள் இடைவெளி. ஏன்? லீவு. என்ன லீவு?

ஆயுத பூஜை.

பிரிசில்லா தடாலென்று எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அண்ணே! ஆயுத பூஜையன்னைக்கு லேப்ல என்னென்ன செஞ்சீங்க?"

தங்கராசுவின் முகம், தேர்வு அறையில் பறக்கும் படையைப் பார்த்த மாணவன் முகம்போல ஆயிற்று. "ஒண்ணுஞ் செய்யலியே. வாசல்ல ஒரு மால. ஃபர்னஸ் கதவுல ஒரு விபூதிப் பட்ட. பொரி, கடல. அவ்ளோதான்."

"கிண்ணத்துக்கெல்லாம் பொட்டு வச்சீங்களா?"

"சேச்சே. நான் ஏம்மா கிண்ணத்துக்கு வக்கிறேன்?"

அவர் சொன்ன வேகமே சரியில்லை. பிரிசில்லா துறையின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாள். அக்டோபர் வரை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். பிறந்தநாள் வாழ்த்துகள், சம்பளத் தகராறுகள், காலை வணக்கப் பூக்கள் எல்லாவற்றையும் தாண்டினால், அதோ, பூஜைப் படம். மேஜை நிறைய சாமான்கள். நடுவில் தங்கராசு, பட்டு வேட்டியில், கையில் கற்பூரத் தட்டு. அவள் படத்தைப் பெரிதாக்கினாள். தராசுக்குப் பொட்டு. ஸ்க்ரூ டிரைவருக்குப் பொட்டு. தட்டில் வரிசையாக அடுக்கியிருந்த பீங்கான் மூடிகளில், ஒவ்வொன்றின் நடுவிலும் விபூதி, சந்தனம், குங்குமம். கல்யாணப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்த மாதிரி.

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது யாருண்ணே? உங்க தம்பியா?"

தங்கராசு ஒரு நீண்ட மூச்சு விட்டார். "அதுக்கு முந்துன வருசம் மைக்ரோஸ்கோப்பு கண்ணாடில சந்தனம் வச்சதுக்கு நீங்க போட்ட சத்தம் சேத்தியாத்தோப்பு வரைக்கும் கேட்டுச்சு. மறுபடி மாட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னுதான் சொல்லல. மறுநாள் எல்லாத்தையும் தொடச்சிட்டேம்மா. ஒரே ஒரு மூடிய மட்டும் மறந்துட்டேன்."

"அண்ணே!"

"மன்னிச்சுக்கங்கம்மா. பென்சனுக்கு இன்னும் மூணு வருசந்தான் இருக்கு."

"மன்னிப்பா? உங்களுக்கு மால போடணும்ணே!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கிண்ணத்தின் மூடி தட்டையான வில்லை, எந்தப் பக்கம் திருப்பி மூடினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். லீவு முடிந்து வந்த அவசரத்தில் பொட்டு வைத்த பக்கம் உள்ளே போகும்படி மூடியிருக்கிறாள். மூடிய கிண்ணத்துக்குள் ஆயிரத்து நானூறு டிகிரியில் பொட்டு ஆவியாகிச் சில்லின் மேல் இறங்கியிருக்கிறது. அதில் இருந்த ஏதோ ஒன்றுதான் எண்ணை ஏற்றியிருக்கிறது. எது?

அரை மணி நேரத்தில் தங்கராசு கடைவீதிக்குப் போய் விபூதி, சந்தனம், குங்குமம் மூன்றும் வாங்கி வந்தார். மூன்று கிண்ணம், மூன்று மூடி. பிரிசில்லா கையுறை மாட்டிக்கொண்டு, நாலு தசம ஸ்தானம் காட்டும் தராசில் குங்குமத்தை நிறுத்தாள்.

"மோதிர விரலால வைங்கம்மா. ஆள்காட்டி விரலால வக்கக் கூடாது" என்றார் தங்கராசு.

"ஏண்ணே, விரல மாத்துனா ரிசல்ட் மாறுமா?"

"மாறுனா? அப்புறம் அதுக்கு வேற ஒரு ரெண்டு நாளு."

பேச்சுக்குத்தான் சொன்னார். ஆனால் பிரிசில்லா மோதிர விரலால்தான் வைத்தாள். ரிஸ்க் எடுக்கிற நிலையில் அவள் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்றும் வெளியே வந்தன. விபூதி ஒன்பது. சந்தனம் பன்னிரண்டு. குங்குமம் பதினொன்று.

பிரிசில்லா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் சரியாக ஒரு வாரம். தங்கராசு பக்கத்தில் குந்தி, குங்குமப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"இதயா போட்டீங்க? இது வெறும் சாயப்பொடிம்மா."

"நீங்கதான வாங்கிட்டு வந்தீங்க!"

"நீங்க கடைல வாங்கியாரச் சொன்னீங்க, வாங்கியாந்தேன். பூஜைக்கு நான் வச்சது வீட்டுக் குங்குமம். எங்க வீட்டுக்காரம்மா கையால செஞ்சது."

பிரிசில்லா அவரையே பார்த்தாள். "இத ஏண்ணே செவ்வாக்கெழமயே சொல்லல?"

"நீங்க கேக்கலியே!"

சாயங்காலம் நாலே காலுக்கு இருவரும் கடலூர் பஸ்ஸில் இருந்தார்கள். நிற்கத்தான் இடம் கிடைத்தது. புதுச்சத்திரம் தாண்டியதும் தங்கராசு மெதுவாக எச்சரித்தார். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க. எவ்ளோ குங்குமம் வேணும்னாலும் குடுப்பா. ஆனா செய்முறய மட்டும் கேட்டுறாதீங்க. கல்யாணம் ஆயி இருவத்தாறு வருசம், எனக்கே சொன்னதில்ல."

வண்டிப்பாளையத்தில் அவர் வீடு. முன் அறை முழுக்க மஞ்சள் வாசனை. லோகநாயகி தரையில் உட்கார்ந்து பாக்கெட்டுகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். லேபிளில் அவருடைய புகைப்படமே இருந்தது. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து சென்னை, பெங்களூர் வரைக்கும் கூரியரில் அனுப்புகிறார். போன தீபாவளிக்கு சிங்கப்பூருக்குக்கூட.

"வா பாப்பா, உக்காரு. நீதான் இவருக்குச் சந்தனத்துக்குச் சத்தம் போட்ட பொண்ணா?"

"ஆமாக்கா" என்று பிரிசில்லா தலையைக் குனிந்தாள்.

"நல்லாப் போட்ட. இங்க நான் போடறது பத்தல."

பிரிசில்லா கதையைச் சொன்னாள். சில்லு, எலெக்ட்ரான், எண்பத்தொன்பது, பெங்களூர், வியாழக்கிழமை. லோகநாயகி லேபிளை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் கண்ணைச் சுருக்கினார்.

"கம்பெனி ஆரம்பிக்கப் போறியா?"

"ஐயோ அக்கா, நான் கிறிஸ்டியன். குங்குமக் கம்பெனி வச்சு என்ன பண்ணுவேன்?"

"வியாபாரத்துக்கு ஏது பாப்பா மதம்? எங்கிட்ட மொத்தமா வாங்கி விக்கிறவரு ஒரு பாய்தான்."

"சத்தியமா இல்லக்கா. இதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா போதும்."

"மஞ்சள்."

"அப்புறம்?"

"எலுமிச்சம்பழச் சாறு."

"அப்புறம்?"

"அப்புறம் என் கைராசி. காபி சாப்புடுறியா?"

கதவு சாத்தியாயிற்று. பிரிசில்லா காபியைக் குடித்தாள். இரண்டாவது காபியையும் குடித்தாள். அப்போதுதான் பையில் இருந்த கடைக் குங்குமம் ஞாபகம் வந்தது. பொட்டலத்தை எடுத்து அப்பாவியாக நீட்டினாள். "இதுவும் நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்றாங்கக்கா. கலரு உங்களுதவிட செவப்பா தெரியுது இல்ல?"

தங்கராசு கையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"என்னாது?" லோகநாயகி எழுந்தே விட்டார். அந்தப் பொடியைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். "இது செவப்பா? ஒரு சொட்டுத் தண்ணி பட்டா ஓடிப் போயிடும்! நெத்தில புண்ணு வரும்! மஞ்சள அப்படியே செவப்பாக்கி, அந்தச் செவப்ப ஒரு வருசம் மங்காம நிறுத்தறதுன்னா சும்மாவா? படிகாரமும் வெங்காரமும் கணக்கா விழணும். வெங்காரம் ஒரு சிட்டிக கொறஞ்சாலும் நெறம் புடிக்காது, தெரியுமா உனக்கு? வந்துட்டா பேச..."

அப்படியே நிறுத்தினார். ஆனால் வார்த்தை வாசலைத் தாண்டிவிட்டது.

"வெங்காரம்!" பிரிசில்லா கத்தினாள். "அக்கா, வெங்காரம்னா போராக்ஸ்! போரான்!" ஒரே தாவாகத் தாவி அவரைக் கட்டிக்கொண்டாள். லேபிள்கள் நாலா பக்கமும் பறந்தன.

காரணம் இவ்வளவுதான். சுட்ட சில்லு ஒரே கட்டி அல்ல, கோடிக்கணக்கான துகள்கள் ஒட்டிய கூட்டம். துகளுக்குத் துகள் எல்லையில் ஒரு வேகத்தடை. எலெக்ட்ரான் ஒவ்வொரு தடையிலும் ஏறி இறங்குகிறது. வெங்காரம் சூட்டில் உருகித் துகள்களுக்கு நடுவே பாய்ந்து, சின்னத் துகள்களைச் சேர்த்துப் பெரிதாக்கிவிடும். தடைகள் குறையும், ரோடு நீளும். பீங்கான் வேலை செய்கிற எவருக்கும் தெரிந்த வித்தை. அவள் மட்டும் நாலு மாதமாக அதே பச்சைச் சுடிதாரைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழாம் சில்லைச் சோதித்த கருவியிலும் போரான் தெரியவில்லை. அவ்வளவு லேசான அணு அந்தக் கருவியின் கண்ணுக்கே படாது.

லோகநாயகி மூச்சு வாங்கியபடி தங்கராசுவைப் பார்த்தார். "இருவத்தாறு வருசம் உங்களால முடியல. ரெண்டு காபில எடுத்துட்டுப் போறா பாரு!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கூடவே ஒரு பெரிய பாக்கெட்டைப் பிரிசில்லாவின் பையில் திணித்தார்.

அந்தப் பாக்கெட்டுதான் அடுத்த வினை.

பிரிசில்லாவின் வீடு கடலூர் முதுநகரில். அம்மா அங்கன்வாடி டீச்சர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் டிபன் பாக்ஸை எடுக்கப் பையைத் திறந்தவர், கால் கிலோ குங்குமத்தோடு கூடத்தில் வந்து நின்றார்.

"யாருடி அவன்?"

"எவன்?"

"பேரச் சொல்லு. ரெஜிஸ்டர் ஆபீஸா, கோயிலா? பாஸ்டருகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"அம்மா, அது ஃபர்னஸுக்கு!"

"ஃபர்னஸுக்குப் பொட்டா? ஏண்டி, அங்கன்வாடில முப்பது புள்ளைங்க தெனம் எங்கிட்ட பொய் சொல்லுதுங்க. அதுல மூணு வயசுப் புள்ளகூட இதவிட நல்லாச் சொல்லும்."

"எங்க தங்கராசு அண்ணன் வீட்டுல குடுத்தாங்கம்மா!"

"ஓ, மாமியார் வீட்டுலயே குடுத்துட்டாங்களா? அந்தத் தங்கராசுக்கு எத்தன பசங்க?"

"பசங்களே இல்ல, ரெண்டும் பொண்ணு!"

அம்மா நம்பவில்லை. பாக்கெட்டின் மேல் இருந்த நம்பருக்கு நேரே போன் போட்டார். மறுமுனையில் லோகநாயகி. முதல் இரண்டு நிமிஷம் அம்மா எழுந்து நின்று பேசினார். பிறகு உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். நாற்பது நிமிஷம் கழித்துப் போனை வைத்தபோது முகம் தெளிந்திருந்தது. "நல்ல பொம்பள. எங்க சென்டர் ஆயாவுக்கு ரெண்டு பாக்கெட் சொல்லிருக்கேன். நீ சாப்புடு. ஆமா, அந்த எண்பத்தொம்போது வராட்டி உன்னப் பொய்க்காரின்னு சொல்லுவாங்களாமே?"

"ஆமாம்மா."

அம்மா இரண்டு தோசை கூடுதலாக வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று கிண்ணங்கள் உள்ளே போயின. ஒன்றில் லோகநாயகி குங்குமம். ஒன்றில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வெறும் வெங்காரம். ஒன்றில் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை திறந்தாள். எதுவும் இல்லாதது பன்னிரண்டு. குங்குமம் எண்பத்தாறு. வெங்காரம் தொண்ணூறு.

ஆய்வகத்தில் அவளும் தங்கராசுவும் தவிர யாருமில்லை. பிரிசில்லா மேஜையை மூன்று முறை சுற்றி ஓடினாள். தங்கராசு எதற்கென்று தெரியாமலே பின்னால் ஓடினார்.

திங்கட்கிழமை கேட்ட செந்தமிழ்செல்வன் முதலில் குதித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"பிரிசில்லா, குங்குமம்னு வாயத் தொறக்காத. நாம யோசிச்சுத்தான் வெங்காரம் போட்டோம். சரியா? இல்லைனா நாளைக்கு பேப்பர்ல 'பொட்டு வைத்தால் ஓடும் எலெக்ட்ரான்'னு போடுவான். கான்ஃபரன்ஸ்ல எனக்கு யாரும் சேர் போட மாட்டான்."

பிரிசில்லா தலையாட்டினாள். ஆட்டியிருக்கக் கூடாது என்று வியாழக்கிழமைதான் தெரிந்தது.

சந்திரலேகா பத்து மணிக்கு வந்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி, காலில் ஓட்டப்பந்தய ஷூ. காபி வேண்டாம் என்றார். சில்லுகளைப் பார்த்தார். அளவுகளைப் பார்த்தார். நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அக்டோபர்ல எழுதின கட்டுரையில வெங்காரம்னு ஒரு வார்த்தை இல்ல. அப்போ போட்டீங்களா, போடலையா? போட்டிருந்தா மறைச்சிருக்கீங்க. போடலைன்னா அந்த எண் எங்கிருந்து வந்தது?"

செந்தமிழ்செல்வன் தொண்டையைக் கனைத்தார். "அது வந்து மேடம், ஆரம்பத்துலேர்ந்தே எங்களுக்கு ஒரு யோசனை..."

"இல்ல சார்" என்றாள் பிரிசில்லா.

அவளுக்கே அவள் குரல் தூரத்திலிருந்து கேட்டது. வாசலில் தங்கராசு சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். பென்சனுக்கு மூன்று வருஷம்.

"போட்டோம் மேடம். ஆனா போட்டது எங்களுக்கே தெரியாது. ஆயுத பூஜைக்கு வச்ச குங்குமம் மூடில இருந்துச்சு. பாக்காம, கழுவாம மூடினது நான். தப்பு என்னுது."

"பொட்டு வச்சது நாந்தாங்க" என்று சுவரிலிருந்து ஒரு குரல் வந்தது. "அவுங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

சந்திரலேகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "போட்டோ இருக்கா?"

பிரிசில்லா போனை நீட்டினாள். அவர் படத்தைப் பெரிதாக்கினார். தராசு, ஸ்க்ரூ டிரைவர், மூடிகள், பட்டு வேட்டி. உதட்டின் ஒரு மூலை துடித்தது. அடக்கினார். மறு மூலையும் துடித்தது.

"எங்க லேப்லயும் வருஷம் தவறாம பூஜை போடறோம்" என்றார் கடைசியில். "பத்து கோடி ரூபா மிஷினுக்கு ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு. ஆனா ஸ்க்ரூ டிரைவர் வரைக்கும் எங்களுக்குத் தோணலை." பிறகு முகம் பழையபடி இறுகியது. "கதை நல்லா இருக்கு. கதைய நான் நம்பறதில்ல. என் கண்ணு முன்னால செய்யுங்க. குங்குமம் வேண்டாம். வெங்காரத்தை நான் நிறுத்துத் தர்றேன். ஃபர்னஸ் ரூம் சாவி என்கிட்ட இருக்கும்."

பொடியை அவரே கலந்தார். வெங்காரத்தைப் பிரிசில்லா போட்டதில் பாதிதான் நிறுத்தார். "ஜாஸ்தியா இருந்தா எல்லையில தேங்கி நிக்கும்" என்றார். சரியாகப் பட்டது. ஆனாலும் பிரிசில்லா பழைய அளவை நோட்டில் ஒரு முறை சரிபார்த்துக்கொண்டாள். மூடிகளைத் தங்கராசு ஏழு முறை தேய்த்துக் கழுவியிருந்தார். வெயிலில் காட்டியும் பார்த்தார். கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்ட சந்திரலேகா, மறுநாள் பிச்சாவரத்தில் படகு ஏறப் போய்விட்டார். பிரிசில்லா இரண்டு நாளும் பூட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. கதவு திறந்தது. கிண்ணம் வெளியே வந்தது. உள்ளே சாம்பல் கலந்த நீல நிறத்தில் சில்லு, மினுமினுப்பாக. சந்திரலேகா அதைத் தன் கையாலேயே கருவியில் பொருத்தி, நாலு மூலையிலும் கம்பி வைத்தார். பிரிசில்லாவைத் தொடவே விடவில்லை.

"நீ எண்ண மட்டும் படி."

கருவி முனகியது. திரையில் கோடு ஓடியது. ஆறு. பத்தொன்பது. நாற்பது. பிரிசில்லா மூச்சு விடவில்லை. அறுபத்தெட்டு. எண்பத்தொன்று. எண்பத்தொன்பதில் ஒரு நொடி நின்றது. எல்லோரும் நின்றார்கள். அது மறுபடி நகர்ந்தது.

"தொண்ணூத்தி ஆறு" என்றாள் பிரிசில்லா. சொன்ன பிறகு கத்தினாள். "தொண்ணூத்தி ஆறு!"

செந்தமிழ்செல்வன் பக்கத்தில் நின்ற ஆளைக் கட்டிப்பிடித்தார். அது தங்கராசு. சேர்ந்து வேலை பார்த்த இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. சந்திரலேகா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை அளந்தார். தொண்ணூற்றாறு. பேனாவை எடுத்துப் பிரிசில்லாவின் நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கட்டுரைக்குத் திருத்தம் அனுப்புங்க. நடந்தத நடந்தபடி எழுது, குங்குமத்தோட. யாராவது சிரிச்சா என்னைப் பாக்கச் சொல்லு. நீ மார்ச் ஒண்ணாந்தேதி பெங்களூர் வந்துடு."

தங்கராசு அதற்குள் வராந்தாவுக்கு ஓடிப் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"லோகு! வந்துருச்சுடி! தொண்ணூத்தாறு!"

மறுமுனையில் ஒரு நொடி யோசனை. "எத்தனைக்கு? நூத்துக்கா?"

"ஐயோ, இது மார்க்கு இல்லடி!"

"அப்ப இருநூறு வந்தாலும் வரும்தான? அந்தப் பொண்ண இன்னொரு தடவ நல்லாச் சுடச் சொல்லுங்க. எந்தக் கடைல வெங்காரம் வாங்குனாளோ, நான் நல்ல எடமா சொல்றேன்."

சந்திரலேகா விறுவிறுவென்று வராந்தாவுக்கு வந்தார். "அவங்ககிட்ட போனக் கொடுங்க" என்று கையை நீட்டினார். "எந்தக் கடைன்னு நான் கேட்டுக்கறேன்."

பிரிசில்லா சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.